பிள்ளைகளை ஹோம்ல விடுறதுக்கு முன்னால

கடிதம்:

அண்ணா, வணக்கம். நான் கொழும்பு கொட்டாஞ்சேனைல இருக்கன். எங்கட லேன்ல ஒரு அக்கா ரெண்டு பிள்ளைகளோட ஒரு அறைல வாடகைக்கு இருக்கா. புருஷன் விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம். அவ புறக்கோட்டைல நாள் சம்பளத்துக்குப் போறா, பெரியவன் இப்ப ஸ்கூலுக்குப் போறதே குறைஞ்சு போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒராள் மூலமா ரெண்டு பேருக்கும் ஒரு சிறுவர் ஹோம்ல இடம் எடுக்கலாம், சாப்பாடு படிப்பு எல்லாம் அவங்க பாப்பாங்க. அக்காவும் அழுதழுது சரி எண்டுட்டா. நீங்க எப்பவும் சட்டம், அரசாங்கக் கொள்கை எண்டே எழுதுறீங்க. அதெல்லாம் வாறதுக்குள்ள பிள்ளைகள் வளர்ந்துடும். நாங்க நாலு பேர் சேர்ந்து உதவினா போதாதா?

பதில்:

தம்பி, உங்கட கடிதத்தில "அழுதழுது சரி எண்டுட்டா" எண்டு எழுதியிருக்கிறீங்க பாருங்க, அதை வாசிச்சதுக்குப் பிறகு எனக்கு வேற எதுவும் ஓடல்ல. உங்கட மனசு நல்லதுதான், அதில எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அந்த இடத்தை இப்பவே எடுத்துக் குடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க.

கனகாலத்துக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோமுக்குப் போயிருந்தன், பெற்றோர் பாக்க வாற நாள். ஒரு தாய் பஸ்ஸேறி சோத்துப் பார்சல் கட்டிக் கொண்டு வந்திருந்தா, எட்டு ஒம்பது வயசுப் பிள்ளை ஒண்டு பக்கத்தில இருந்து சாப்பிட்டுது, பாதி சாப்பிட்டுட்டு மிச்சத்தை அதே பேப்பர்ல கவனமா மடிச்சு ரப்பர் பேண்டும் போட்டு தாயிட கைல குடுத்து "நீங்க பஸ்ல சாப்பிடுங்கம்மா" எண்டுது. தாய் இருக்கிறா, பாசம் இருக்கு, பிள்ளைக்கு தாயிட பசி கூடத் தெரியுது. இல்லாதது காசு மட்டும்தான், அதுக்காக ரெண்டு பேரையும் பிரிச்சு வச்சிருக்கம்.

அது ஒரு பிள்ளையிட கதை மட்டும் இல்ல. எங்கட நாட்டில சிறுவர் இல்லங்கள்ல இருக்கிற பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்கு தாயோ தகப்பனோ உயிரோட இருக்காங்க, அங்க வந்து சேருறதுக்கு வறுமை ஒரு பெரிய காரணம். அடி, வன்முறை, துஷ்பிரயோகம் எண்டா பிள்ளையை வெளில எடுக்கத்தான் வேணும், அதில ரெண்டாம் பேச்சே இல்ல. ஆனா வாடகை கட்ட ஏலாததுக்கு பிள்ளையைப் பிரிக்கிறது எந்தக் கணக்கில நியாயம்? அந்தப் பிள்ளைக்கு ஹோம்ல மாசம் செலவழியிற காசை தாயிட கைல குடுத்தா என்ன? இந்தக் கேள்வியை ஒரு நல்ல மனுசன் நன்கொடை குடுத்துத் தீர்க்க ஏலாது தம்பி, அரசாங்கம்தான் தீர்க்கணும், அதனாலதான் நான் திரும்பத் திரும்ப அங்க போய் நிக்கிறன்.

"நாலு பேர் உதவினா போதாதா" எண்டு கேக்குறீங்க. நீங்களும் நானும் படிச்சது யார் காசில? 1945ல கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டு வரேக்க அதை தர்மமா தரல்ல, எல்லாப் பிள்ளைக்கும் உள்ள உரிமையா சட்டத்தில எழுதி வச்சாங்க, அதனாலதான் யாருக்கும் கும்பிடு போடாம பெஞ்சில இருந்து படிச்சம். அதிலயும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் விடுபட்டுப் போனாங்க, தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்க 1970கள் வரைக்கும் போச்சு, எத்தினை தலைமுறை கையெழுத்துப் போடத் தெரியாமப் போச்சு எண்டு யோசிச்சுப் பாருங்க.

எல்லாக் கொள்கையும் நல்லது எண்டு நான் சொல்ல வரல்ல. 2013ல அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருக்கிற தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாது எண்டு கொண்டு வந்தாங்க, பிள்ளையிட நன்மைக்கு எண்டு. தகப்பன்மாருக்கு அப்படி ஒண்டும் இல்ல. போகாத எண்டு சொன்ன வாய், சரி இங்க இருந்து எப்படிச் சாப்பிடுறது எண்டு சொல்லல்ல. 2022ல தான் அதைத் தளர்த்தினாங்க. பெரியவன் விஷயமும் அதே மாதிரித்தான், 16 வயசு வரைக்கும் படிப்பு கட்டாயம் எண்டு 2016ல கொண்டு வந்தாங்க, வேலைக்குச் சேர்க்கிற வயசையும் 2021ல 14ல இருந்து 16 ஆக்கினாங்க, ரெண்டும் தேவையான மாற்றம், ரெண்டையும் மனசார வரவேற்கிறன், ஆனா அவன் ஸ்கூலுக்குப் போகாம நிக்கிறது பஸ் காசுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் எண்டா கட்டாயம் எண்ட சொல் அவனை எப்படிக் கூட்டிக்கொண்டு போகும்?

இனி அந்த அக்காட விஷயம். முதல்ல அஸ்வெசும, அதுதான் அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் குடுக்கிற நலன்புரிக் காசு, கிடைக்குதா எண்டு கேளுங்க. 2025ல அதை வறிய குடும்பத்துக்கு மாசம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா வரைக்கும் கூட்டினாங்க. கொழும்பில அறை வாடகைக்கே போயிடும் எண்டு எனக்குத் தெரியும், அது காணாது எண்டு சத்தம் போடத்தான் வேணும், ஆனா வர்றதை விடாதீங்க. வாடகை அறைல இருக்கிற ஆக்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு, எனக்குத் தெரிஞ்ச ஒரு தாய் மூண்டு குடும்பத்துக்கு ஒரு மீட்டர் இருக்கிற வீட்டில இருந்தா, மொத்த கரண்ட் பில்லும் அவட வீட்டுச் செலவு மாதிரி ஃபோர்ம்ல விழுந்து, வசதியான குடும்பம் மாதிரித் தெரிஞ்சு, முதல் தரம் பேரே வரல்ல. பிழை எண்டு மேன்முறையீடு போட்ட பிறகுதான் சரியாச்சு. அதுவும் சிங்களத்தில எழுதின கடிதத்தை அவவுக்கு வாசிச்சுச் சொல்ல ஒராள் கிடைச்சதால. தமிழ் 1987ல இருந்து அரச கரும மொழி, ஆனா கவுன்டருக்கு முன்னால நிக்கிற தாய்க்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரல்ல.

ரெண்டாவது, அந்தப் புருஷன். 1999ட தாபரிப்புச் சட்டத்தின் கீழ பிள்ளைகளுக்கு மாசக் காசு கேட்டு நீதவான் கோட்ஸ்ல வழக்குப் போடலாம், கல்யாணம் எழுதாட்டியும் பிள்ளைக்கு அந்த உரிமை இருக்கு. லோயர் பிடிக்கக் காசில்ல எண்டா புதுக்கடைல சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, அதுக்குத்தான் அது இருக்கு.

மூண்டாவது, பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் எண்டு ஒராள் இருப்பாங்க, பெரியவன்ட ஸ்கூல் விஷயத்தை அவங்கள்ட்ட எழுத்தில குடுங்க. வாயால சொன்னா காத்தோட போயிடும், கடிதத்துக்கு சீல் வச்சு கொப்பி வாங்குங்க. இதுக்கு நடுவில பிள்ளைகளுக்கு யாரும் தொல்லை குடுக்கிற மாதிரித் தெரிஞ்சா யோசிக்காம சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையிட 1929க்கு கோல் எடுங்க.

உங்கட நாலு பேர்ட உதவி வேண்டாம் எண்டு சொல்லல்ல தம்பி, கட்டாயம் வேணும். இதெல்லாம் கைக்கு வந்து சேர சில மாசம் எடுக்கும், அந்த மாசங்களுக்கு வாடகையையும் பெரியவன்ட பஸ் காசையும் நீங்க பாருங்க. ஹோமுக்குக் குடுக்க இருந்த காசை அந்த அறைக்குக் குடுங்க. பிள்ளைகள்ட பிறப்புச் சான்றிதழ், அக்காட ஐடி, வாடகைத் துண்டு, பெரியவன்ட ஸ்கூல் ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைக்கச் சொல்லுங்க. எனக்கு ஒரு நாள் சொல்லுங்க, நானும் உங்களோட வந்து வரிசைல நிக்கிறன்.