சர்க்கரை நோய் என்று இப்போதுதான் தெரிந்தது, சோற்றை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.2 என்று வந்ததும் சோற்றை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் சப்பாத்திக்கு மாறிவிட்டேன், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் புரிகிறது, எனக்கும் முதல் வாரம் தூக்கமே இல்லை. ஆனால் கோதுமையிலும் மாவுச்சத்துதான். நாலு சப்பாத்தி உள்ளே போனால் ஒரு தட்டு சோறு சாப்பிட்ட கதைதான்.

நான் சோற்றை விடவில்லை, தட்டை மாற்றினேன். பாதித் தட்டுக்கு அவரைக்காயோ கீரையோ, கால் தட்டுக்குச் சுண்டல், மீன், முட்டை என்று ஏதாவது, மிச்சக் காலில்தான் சோறு. பொரியலை முதலில் காலி செய்துவிட்டு அப்புறம் சோற்றில் கை வைத்தால் சர்க்கரை ஏறுவது மெதுவாகும். வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எனக்குக் கேழ்வரகுக் கூழ் குடித்த அன்று 230. அதே கேழ்வரகில் முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடை சாப்பிட்டபோது 160. கூழாகக் கரைத்தால் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறிவிடுகிறது, சிறுதானியம் என்ற பெயருக்காக விட்டுவைக்காது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் சர்க்கரைதான் (பக்கத்து வீட்டு அக்கா என்ன சொன்னாலும் சரி).

ஒன்று முக்கியம். உங்கள் மாத்திரையில் கிளிமிபிரைடு (சாப்பாடு குறைந்தால் சர்க்கரையை ரொம்பவே இறக்கிவிடக்கூடிய மருந்து) இருந்தால், சாப்பாட்டைத் திடீரென்று குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கை நடுங்கி, வியர்த்து, மீட்டர் 70க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

எச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி, அதனால் அடுத்த மாதமே லேபுக்கு ஓட வேண்டாம்.