எக்ஸோம் சீக்வென்சிங்குக்கு அனுப்பும் முன் கேப்சர் சரியாக நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிஎன்ஏ அளவைக் காட்டும் கியூபிட் கருவியில் அளவு நன்றாக வந்திருக்கிறது, அப்படியே அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள். கேப்சர் என்பது, புரதத்துக்கான குறிப்பு உள்ள எக்ஸான் பகுதிகளை (மொத்தமாகச் சொன்னால் எக்ஸோம்) புரோப் என்ற தூண்டில் துண்டுகளால் பிடித்து, மற்றதைக் கழுவிவிடுவது. அது முடிந்ததும் டிஎன்ஏவைப் பெருக்கப் பத்துப் பன்னிரண்டு சுற்று பிசிஆர் ஓட்டுகிறோம் இல்லையா? புரோப் பிடித்த எக்ஸானும் பெருகும், கழுவும்போது போகாமல் ஒட்டிக்கொண்ட மற்றதும் பெருகும். கியூபிட்டுக்கு இரண்டும் டிஎன்ஏதான்.

சேலத்தில் எங்கள் ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் படிக்கும் சீக்வென்சர் இல்லை. லைப்ரரியை (படிப்பதற்குத் தயாராக்கிய டிஎன்ஏ துண்டுகளை) ஐஸ் பெட்டியில் வைத்து பெங்களூருக்கு அனுப்புவோம். போன ஏப்ரலில், 65 டிகிரியில் கழுவிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், ஹீட் பிளாக் ஆறிவிட்டது. அப்படியும் 12 நானோகிராம் வந்தது, துண்டுகளின் நீளத்தைக் காட்டும் வரைபடத்தில் பீக்கும் அழகாக இருந்தது. டிஎன்ஏ பெருகுவதைச் சுற்றுக்குச் சுற்று அளக்கும் கியூபிசிஆர் போட்டதில், எக்ஸானின் சிடி (சிக்னல் தெரியத் தொடங்கும் சுற்று) கேப்சருக்கு முந்தையதைவிட இரண்டே சுற்றுதான் முந்தியிருந்தது. ஒரு சுற்றுக்கு இரு மடங்கு. அதாவது வெறும் நான்கு மடங்கு. அனுப்பியிருந்தால் நூறு ரீடில் (சீக்வென்சர் படித்த துண்டுகளில்) பத்துகூட எக்ஸானில் விழுந்திருக்காது. அது ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு குழந்தையின் ரத்தம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி மறுபடி ஊசி போட்டுக்கொள்ள வா என்று எப்படிச் சொல்வது?

செய்முறை பெரிய விஷயமில்லை. கேப்சருக்கு முந்தைய லைப்ரரி, பிந்தைய லைப்ரரி இரண்டையும் ஒரே நானோகிராம் அளவுக்கு நீர்த்து, ஒரே பிளேட்டில் மும்மூன்று குழியில் போடுங்கள். இந்த அளவு பிசகினால் கணக்கு மொத்தமும் போச்சு. மூன்று நான்கு எக்ஸானுக்குப் பிரைமர் (எந்தப் பகுதி பெருக வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வேண்டும். அந்த எக்ஸான்களில் ஒன்றாவது ஜிசி (ஜி, சி என்ற டிஎன்ஏ எழுத்துகள்) அதிகமுள்ளதாக இருக்கட்டும். லைப்ரரித் துண்டுகள் சிறியவை என்பதால் ஆம்ப்ளிகான், அதாவது பெருகும் பகுதி, 100 பேஸுக்குள் இருப்பது நல்லது. முன்பு 24 இருந்த சிடி பின்பு 18 ஆனால் ஆறு சுற்று, 64 மடங்கு. எக்ஸோம் ஜீனோமில் 1–2 சதவீதம்தான் என்பதால் சராசரி 100 மடங்கைத் தாண்டுவது கடினம். 300 என்று வந்தால் நீர்த்ததைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், புரோப் இல்லாத பகுதிக்கும் ஒரு பிரைமர் கட்டாயம் வையுங்கள். அதன் சிடி பின்னால் தள்ளிப் போக வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ முதலில் பார்க்கத் தோன்றுவதே இதுதான்.

எல்லா எக்ஸானும் சமமாகப் பிடிபட்டதா என்பதை இந்தக் கியூபிசிஆர் சொல்லாது. அதற்குக் குறைந்த ரீடில் ஒரு சோதனை ஓட்டம்தான் வழி. கேப்சருக்கு முந்தைய லைப்ரரியில் கொஞ்சம் எடுத்து மைனஸ் 20-இல் வைத்துவிடுங்கள். அந்தக் குழந்தையின் மாதிரியை அதிலிருந்துதான் மறுபடி கேப்சர் செய்தோம். ஆறு சுற்று முந்தியது.