நாற்பது வினாடித் தீர்ப்பு

அன்புள்ள ஐயா,

கொஞ்ச நாளாக ஒரு விளையாட்டு. ஷஃபிளைப் போட்டுவிட்டு, எந்த மொழி, எந்த வகை என்று பார்க்காமல், வருகிற பாட்டைக் கேட்டு உடனே ஓரிரு வரி எழுதி வைக்கிறேன். அண்மையில் எழுதியவற்றை இணைத்திருக்கிறேன். இசை தெரியாதவன் பாட்டைப் பற்றி எழுதக் கூடாது என்கிறான் நண்பன். எழுதலாமா? இன்னொன்று, ஷஃபிள் உண்மையிலேயே தற்செயலாகத்தான் பாட்டைப் பொறுக்குகிறதா?

ம.

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். முழுக்கத் தற்செயலாக விட்டால் ஒரே பாடகர் அடுத்தடுத்து வருவது சகஜம். கேட்பவர்களோ அதைக் கண்டுதான் 'இதில் ஏதோ சூது இருக்கிறது' என்று புகார் செய்தார்கள். அதனால் ஒரே பாடகரின் பாட்டுகளைத் தள்ளித் தள்ளிப் போடும்படி 2014-ல் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி மாற்றியது. போதும்.

நண்பரின் பேச்சை விடுங்கள். இலக்கணம் படித்தவர்களுக்காக மட்டும் யாரும் பாடுவதில்லை. தாராளமாக எழுதலாம்.

ஆனால் என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'செம.' 'சுமார்.' 'வேற லெவல்.' 'தூக்கம் வருது.' மறுபடியும் 'செம.' இவற்றை எந்தப் பாட்டுக்கு நேராக வேண்டுமானாலும் மாற்றி ஒட்டலாம், ஒருவருக்கும் தெரியாது. பட்டியலில் ஒரே ஒரு வரி தப்பியது. போர்ச்சுகல் ஃபாடோ பாட்டுக்கு எழுதியிருக்கிறீர்கள்: 'மொழி புரியல. ஒரு இடத்துல கிட்டார் நின்னுபோய் குரல் மட்டும் வருது. கையில இருந்த வேலைய அப்படியே விட்டுட்டேன்.' அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இசை தெரியாதவர் எழுதிய வரிதான். ஆனால் கிட்டார் எங்கே நின்றது என்று காது பிடித்திருக்கிறது. நண்பருக்குப் பதில் வேண்டுமென்றால் இந்த வரியைக் காட்டுங்கள்.

இதை எழுதியவர்தான் அடுத்த வரியில் இப்படியும் எழுதுகிறார்: 'ஹிந்துஸ்தானி. இருபத்திரண்டு நிமிஷமாம்! நாற்பது செகண்ட் ஆகியும் பாட்டே ஆரம்பிக்கல. ஸ்கிப்.'

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். அது விளம்பித கயால், மெதுவான நடையில் ராகத்தை விரித்துப் பாடும் வகை. மிக மெதுவாகப் பாடும்போது, ஏக்தால் என்ற தாளத்தின் பன்னிரண்டு மாத்திரைகள் ஒரு சுற்று முடியவே ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். சுற்றின் கடைசியில் பாடகர் பல்லவியின் எடுப்பைப் பிடித்து, நீளமாக இழுத்து, தபலாவோடு சரியாகச் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து இறங்குவார். அந்த இறக்கத்துக்காகத்தான் அத்தனை இழுப்பும். முதல் சுற்றே முடியாத இடத்தில் எழுந்து போய்விட்டு 'ஆரம்பிக்கவில்லை' என்கிறீர்கள். ஆரம்பித்தாகிவிட்டது ஐயா, நீங்கள்தான் உட்காரவில்லை.

சுருக்கம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று சொச்சம் நிமிடமே அடங்கும். பெரிய கயால் பாடகர்களும் அதற்குள் ராகத்தை மடித்து வைத்தார்கள். அப்துல் கரீம் கானின் இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன, ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் எதைச் சுருக்குவது என்று முடிவு செய்தவர் பாடகர். உங்கள் விளையாட்டில் அதைச் செய்வது கட்டைவிரல். ஸ்பாட்டிஃபையில் முப்பது வினாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகவே கணக்கில் ஏறும் என்பதால், முன்னிசையை வெட்டிவிட்டு எடுத்த எடுப்பில் குரலைக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த பாட்டுகளுக்குத்தான் வரிசையாக 'செம' போட்டிருக்கிறீர்கள், போய்ப் பாருங்கள்.

மெட்டல் பாட்டுக்கு 'கத்தல்' என்று எழுதியதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறேன். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.

சில வாரங்களாக நானே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் ஒரு கேசட் வைத்திருந்தான். பல பாட்டுகளைக் கலந்து பதிந்தது. நடுவில் ஒரு கிளாரினெட் வாசிப்பு. எனக்கு ஆகவே ஆகாது. ஓட்டிவிட்டால் நாடா சிக்கிக்கொள்ளும் என்று அண்ணன் பொத்தானைத் தொட விடமாட்டான். அடுத்த பாட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கேட்பேன். அந்த அடுத்த பாட்டு எது என்று இன்று நினைவில்லை. கிளாரினெட் மட்டும் முழுதாக இருக்கிறது, நடுவில் வாசிப்பவர் மூச்சு வாங்கும் சத்தம் உட்பட.

இது வெறும் பழக்கம்தானே என்பீர்கள். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே காட்டினார்: அர்த்தமில்லாத சொற்களைக்கூடத் திரும்பத் திரும்பக் காட்டினால் மனிதர்களுக்கு அவை பிடித்துப்போகின்றன. இருக்கட்டும். பழகிப் பிடித்துப்போவது ஒன்று. முதல் தடவை காதில் விழாத மூச்சு பத்தாம் தடவை விழுவது வேறொன்று. பழக்கத்தால் அந்த வாசிப்பு எனக்கு இனிமையாகிவிடவில்லை. இப்போதும் அது கொஞ்சம் கரகரப்புதான். அதில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவே. உங்கள் குறிப்புகளில் நான் தேடியதும் அதைத்தான். பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதை நான் கேட்கவே இல்லையே!

விளையாட்டை நிறுத்த வேண்டாம். அந்தக் கயாலை மட்டும் திரும்ப எடுத்து எட்டு நிமிடம் கேளுங்கள், கட்டைவிரலை மடக்கிக்கொண்டு. தூக்கம் வந்தால் தூங்குங்கள். எந்த இடத்தில் வந்தது என்று எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்