டிசம்பரில் வடக்குச் சன்னலுக்கு வெயில் வராது

சிங்கப்பூர் அங் மோ கியோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“பழைய புளோக்கில் ஆறாவது மாடி வீடு. சமையலறைச் சன்னல் வடக்கு பார்த்தது. சன்னல் ஓரத்தில் மிளகாய் விதை போட்டேன். ஒரு வாரத்தில் முளைத்தது. அப்புறம் நூல் மாதிரி நீண்டுகொண்டே போய்ச் சாய்ந்துவிட்டது. நவம்பரிலிருந்து இரண்டு முறை இப்படி ஆகிவிட்டது. விதைக்குச் சூடு கொடுக்கும் மின்சாரப் பாய் வாங்கச் சொல்லி யூடியூபில் பார்த்தேன். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம். அந்தப் பாய் குளிர்நாட்டுக்காரர்களுக்கு. மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். சிங்கப்பூரில் அது இராப்பகலாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. ஒரே வாரத்தில் முளைத்திருக்கிறதே, விதைமேலும் குறை இல்லை. உங்கள் நாற்றுக்குப் போதாமல் போனது வெளிச்சம்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறோம். அதனால் சூரியன் ஆண்டில் பாதி நாள் நமக்கு வடக்கே சாய்ந்தும் பாதி நாள் தெற்கே சாய்ந்தும் போகிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை வடக்குச் சன்னலுக்கு வெயில் உண்டு. மற்ற மாதங்களில் தெற்குச் சன்னலுக்குத்தான். நீங்கள் விதைத்தது நவம்பரில். வீட்டின் அந்தப் பக்கம் வெயிலே படாத பருவம். போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழை மேகம் வேறு.

வடக்குச் சன்னலில் இன்னொன்றும் உண்டு. ஜூன் மாதத்திலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில்தான் நிற்கும். வெயில் சன்னலை ஒட்டி ஓரிரு சாண் தூரம் விழுவதோடு சரி. தொட்டியை ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தால் செடிக்கு அது நிழல். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் உள்ளே நீளமாக வந்து விழும் கிழக்குச் சன்னலும் மேற்குச் சன்னலும் ஆண்டு முழுக்க நல்லவை. எந்தச் சன்னலானாலும் ஒரு சோதனை: தொட்டி வைக்கும் இடத்தில் வெள்ளைத் தாளைப் போட்டு, அதற்கு மேலே உள்ளங்கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் வெயில் இருக்கிறது. மங்கலாக ஒரு கறை மட்டும் தெரிந்தால் அங்கே கீரை வேண்டுமானால் போடலாம். மிளகாய் காய்க்க ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது தெளிந்த நிழல் விழ வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? உங்கள் புளோக்கில் வாசல் பக்கம் பொது நடைவழி இருந்து, அது தெற்கு பார்த்திருந்தால் இந்த மாதங்களில் வெயில் அங்கேதான். நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி. அதை விட்டு, சுவரோரம் தரையில் தொட்டியை வையுங்கள். கைப்பிடிச் சுவர்மேல் மட்டும் வேண்டாம். கீழே ஆள் நடக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே நீட்டி வைப்பதும் அப்படித்தான். இப்போது விதைத்தால் ஏப்ரலில் செடி பூக்கும் பருவத்தில் இருக்கும். அப்போது சமையலறைச் சன்னலுக்கு மாற்றிவிடலாம். நடைவழி ஒத்துவராது என்றால் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றை நாற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் 14 மணி நேரம் எரியவிடுங்கள். பாய்க்கு வைத்திருந்த காசை அதில் போடலாம்.

சாய்ந்த நாற்றைத் தூக்கி எறியும் முன் அதன் கழுத்தைப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பாகி, நூல் கட்டி இறுக்கியதுபோல் சூம்பியிருந்தால் அது நாற்றழுகல் நோய், அதாவது பூஞ்சை வேலை. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்து காற்றும் ஆடாவிட்டால் வரும். அந்த மண்ணோடு கொட்டிவிடுங்கள். கழுத்து பச்சையாகவே இருந்து வெறுமனே நீண்டு வெளிறியிருந்தால் பிழைக்க வழியுண்டு. விதையிலைக்கு, அதாவது முதலில் விட்ட இரட்டை இலைக்கு, சற்றுக் கீழ்வரை மண்ணில் இறக்கி நட்டு, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள்.

புதிதாக விதைப்பதானால் தேக்கா சந்தையில் நன்றாகச் சிவந்த சில்லி பாடி என்னும் குட்டிக் கார மிளகாய் வாங்கி, விதையை எடுத்து இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். பச்சை மிளகாயில் விதை முற்றியிருக்காது. கடை வற்றல் சூட்டில் காய்ந்ததாக இருந்தால் முளைக்காமல் போகலாம். குடைமிளகாய்மேல் ஆசை வேண்டாம், நம் இரவு வெக்கைக்குப் பூவெல்லாம் உதிரும். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். அடியில் ஓட்டை போட்ட கோப்பிக் குவளையே நாற்றுக்குப் போதும். நாலைந்து இலை விட்டதும் 20 சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள்.

தண்ணீரை நாள் கணக்கில் ஊற்றாதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனம் குறைந்திருந்தால் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது கொட்டிவிட வேண்டும். ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். இறுகிய மேல்மண்ணிலும் தண்ணீர் நிற்கும், குச்சியால் கிளறிவிடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வீட்டுக்குள் வைத்த தொட்டிக்கு நான் அதை ஊற்றுவதில்லை. வாடை அடிக்கும், குட்டிக் குட்டி ஈக்கள் மொய்க்கும்.

பூ விட்டபின் வீட்டுக்குள் காற்றும் வண்டும் இல்லாததால் மகரந்தம் உதிராது. காலையில் பூக்கிளையை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால் அது போதும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு குருத்து சிறுத்தால் சிலந்திப்பேன் வகை, அது கண்ணுக்குத் தெரியாது. குருத்தைக் கிள்ளிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, மாலையில் இலைக்கு அடிப்பக்கம் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். வெயில் நேரத்தில் தெளித்து ஒருமுறை என் செடியை நானே பொசுக்கியிருக்கிறேன்.

காய் சிவக்கும்போது நடைவழியில் வைத்திருந்தால் வலை போட்டு மூடுங்கள். மைனாவுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது.