ஸ்டார்லெட்டுக்கு டர்போ எஞ்சின்: கடன் வாங்கிப் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். என்னிடம் 1997 மாடல் டொயோட்டா ஸ்டார்லெட் இருக்கிறது. டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) இல்லாத 1.3 லிட்டர் 4ஈ-எஃப்இ எஞ்சின். வண்டி மேல் கடன் எதுவும் இல்லை, இன்று விற்றால் என் மூன்று மாதச் சம்பளம் கிடைக்கும். டர்போ ஸ்டார்லெட்டில் வந்த 4ஈ-எஃப்டிஇ எஞ்சினை இதில் போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு ஹாஃப் கட் (பழைய டர்போ வண்டியிலிருந்து எஞ்சினோடு வெட்டியெடுத்த முன்பாதி) பார்த்து வைத்திருக்கிறேன், விலை இரண்டு மாதச் சம்பளம். எல்லாம் சேர்த்து மூன்றரை மாதச் சம்பளத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார் கராஜ்காரர். கையில் சேமிப்பு இரண்டு மாதச் சம்பளம் அளவுக்கு இருக்கிறது. மீதியை 14 சதவீத வட்டியில் 3 வருடத் தனிநபர் கடனாக எடுக்கலாம் என்று யோசனை. வேலைக்குப் போய்வர இந்த ஒரு வண்டிதான். டர்போ போட்டால் வண்டியின் மதிப்பு கூடும், அதுவும் ஒரு முதலீடுதானே என்கிறான் நண்பன். மனைவி "கொஞ்சம் பொறுங்க" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் அவர் "வேண்டாம்" என்று சொல்லவில்லை, "பொறுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார், நானும் அதையேதான் சொல்லப் போகிறேன்.

முதலில் நண்பர் சொன்ன முதலீட்டுக் கதையை முடித்துவிடுவோம். உங்கள் வண்டி 3 மாதச் சம்பளம் பெறும், அதில் 5 மாதச் சம்பளத்தைப் போடுகிறீர்கள் என்றால் (ஏன் 5 என்கிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்) விற்கும்போது 8 கேட்பீர்கள். யார் கொடுப்பார்கள்? எஞ்சின் மாற்றிய வண்டியை வாங்க வருபவர், வேலையைச் செய்தது யார், வயரிங் எப்படி, பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண் மாறியிருக்கிறதா என்று பயந்துகொண்டேதான் வருவார், அந்த பயத்துக்கும் சேர்த்துத்தான் விலையைக் குறைத்துக் கேட்பார். போட்ட காசில் ஒரு பகுதி திரும்பினால் அதிர்ஷ்டம். ஆகவே இது செலவு. செலவு செய்வது தப்பில்லை, ஆசைக்குத்தானே சம்பாதிக்கிறோம், ஆனால் செலவைச் செலவுக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இப்போது எஸ்டிமேட். ஒரு விஷயத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர். இதே உடலில் இதே எஞ்சினைத் தொழிற்சாலையிலேயே போட்டு விற்றிருக்கிறார்கள், உங்கள் தலைமுறை வண்டியின் டர்போ வடிவம்தான் 1996 முதல் 1999 வரை வந்த கிளான்ஸா வி. இரண்டும் ஒரே எஞ்சின் குடும்பம் என்பதால், வேறு கம்பெனி எஞ்சினைத் திணிப்பவர்கள் படும் மவுன்ட் வெட்டி வெல்டிங் பண்ணும் பாடு உங்களுக்குப் பெரும்பாலும் இல்லை. 1331 சிசி, 135 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான வண்டி. ஆசை ஏன் வருகிறது என்று எனக்குப் புரிகிறது.

ஆனால் டர்போ எஞ்சின் தனியாக வராது. டர்போவுக்கு ஆயில் போய்வரும் குழாய்கள், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, வயரிங் ஹார்னஸ், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், எக்ஸாஸ்ட் முன்குழாய், கூடுதல் சூட்டைத் தாங்கும் ரேடியேட்டர், கூடுதல் சுழற்று விசையைத் (டார்க்) தாங்கும் கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் என்று ஒரு ஊர்வலமே பின்னால் வரும். இன்டர்கூலர் எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் பானெட்டில் காற்று வாய் வேண்டும், அதற்காக பானெட்டும் மாறும். ஹாஃப் கட் வாங்குவதன் நன்மை இவற்றில் பெரும்பகுதி அதிலேயே இருக்கும் என்பதுதான், ஆனால் "இருக்கும்" என்பதை வாயால் கேட்டுக்கொண்டு வராதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடுங்கள். வயரிங்கைப் பாதியில் வெட்டி வைத்திருந்தால் அது விலையைக் குறைக்க வேண்டிய குறை, எலெக்ட்ரீஷியன் கூலியில் அந்தப் பணம் போய்விடும்.

அப்புறம் அந்த எஞ்சினுக்கு இன்று வயது 25-க்கு மேல். அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, முதல் சொந்தக்காரர் ஆயிலை ஒழுங்காக மாற்றினாரா, யாருக்கும் தெரியாது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும், மெல்லிய ஆயில் படலம்தான் அதைத் தாங்குகிறது, ஆகவே ஆயிலில் கஞ்சத்தனம் செய்த எஞ்சினில் முதலில் சாவது டர்போதான். சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா, கசியாமல் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்-டவுன் டெஸ்ட் இரண்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். டர்போ தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆயில் மூடியைக் கழற்றி உள்ளே கசடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்ட்டுக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த ஹாஃப் கட்டை விட்டுவிடலாம். எல்லாம் நன்றாக இருந்தாலும், எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள், கிளட்ச், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும். அப்போது செய்தால் பாகத்தின் விலை மட்டும்தான், ஏற்றிய பிறகு என்றால் அதே வேலைக்கு இன்னொரு கூலி. இதெல்லாம் கராஜ்காரரின் மூன்றரையில் இருக்கிறதா? எழுத்தில் கேளுங்கள். இருக்காது என்றுதான் என் ஊகம், ஏனென்றால் வாடிக்கையாளரை உள்ளே இழுக்கும் எஸ்டிமேட்டில் எஞ்சினை ஏற்றி ஸ்டார்ட் ஆக்குவது வரைதான் இருக்கும்.

பிரேக்கும் டயரும் அதில் நிச்சயம் இருக்காது. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: மணிக்கு 100 கிலோமீட்டரில் நிறுத்துவதைவிட 120-ல் நிறுத்த பிரேக் 44 சதவீதம் அதிக ஆற்றலை விழுங்க வேண்டும், 140-ல் கிட்டத்தட்ட இரு மடங்கு. உங்கள் வண்டியின் பிரேக் அதற்காகச் செய்ததல்ல. அதோடு பதிவு மாற்றம், புகைச் சோதனை, இன்சூரன்ஸ் கூடுதல், வண்டி கராஜில் கிடக்கும் வாரங்களில் நீங்கள் வேலைக்குப் போய்வரும் செலவு. எஞ்சின் விலையை இரண்டால் பெருக்குங்கள், அதன்மேல் கால் பங்கு கையிருப்பாகச் சேருங்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு. உங்களுக்கு அது 2, பெருக்கினால் 4, கால் பங்கு சேர்த்தால் 5.

ஆக நீங்கள் நினைப்பதுபோல் கடன் ஒன்றரை மாதச் சம்பளத்தில் நிற்காது, மூன்றில் போய் நிற்கும். 14 சதவீதத்தில் 36 மாதம் என்றால் தவணை உங்கள் சம்பளத்தில் 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், வட்டி மட்டுமே மொத்தத்தில் கிட்டத்தட்ட 0.7 மாதச் சம்பளம். "10 சதவீதம்தானே" என்று தோன்றும். அதே தவணையை மாதாமாதம் ஒதுக்கி வைத்தால், ஒரு பைசா வட்டி வராவிட்டாலும்கூட, அந்த மூன்று மாதச் சம்பளம் 30 மாதத்தில் சேர்ந்துவிடும். கடனை அடைக்க 36 மாதம்.

வட்டியைவிட எனக்குப் பயமாக இருப்பது வேறு. கையில் இருக்கும் இரண்டு மாதச் சம்பளமும் இதில் போய்விடும், தவணை ஓடிக்கொண்டிருக்கும், வண்டி லிஃப்ட் மேல் இருக்கும், அந்த நேரத்தில் வேலைக்கோ உடம்புக்கோ ஏதாவது வந்தால்? இந்த விஷயத்தில் பணம் எங்கே சாகிறது என்றால், பாதியில் நிற்கும் வண்டியில்தான். பழைய எஞ்சின் இறங்கிவிட்டது, புதியது ஏறவில்லை, காசு தீர்ந்துவிட்டது. அந்த நிலையில் வண்டி, தொடாமல் விட்டிருந்தால் போயிருக்கக்கூடிய விலையில் பாதிக்குக்கூடப் போகாது. ஏனென்றால் வாங்குபவர் ஒரு காரை வாங்கவில்லை, கராஜ் வாடகை ஏறிக்கொண்டிருக்கும் இன்னொருவரின் தலைவலியை வாங்குகிறார். "90 சதவீத வேலை முடிந்தது" என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். மீதி 10 சதவீதத்துக்குக் காசு இருந்திருந்தால் அந்த விளம்பரமே வந்திருக்காது.

ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நடுவில் நிறுத்த முடியுமா? இந்த வேலையில் எந்தெந்தப் பகுதியை முடித்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வர முடியுமோ அதையெல்லாம் மாதச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இப்போதே தொடங்கலாம். பிரேக் பேட், டிஸ்க், நல்ல டயர், சஸ்பென்ஷன் புஷ், டேம்பர் (ஷாக் அப்சார்பர்). ஒவ்வொன்றையும் செய்தபின் வண்டி முன்பைவிட நன்றாகவே ஓடும், டர்போ வராமலே போனாலும் அந்தக் காசு வீணில்லை. (பலருக்கு இந்தக் கட்டத்திலேயே ஆசை பாதி தணிந்துவிடுகிறது. சிறிய, லேசான வண்டி, ஒட்டிப்பிடிக்கும் டயர், வளைவில் அதற்கு மேல் என்ன வேண்டும்?) ஆனால் பழைய எஞ்சினைக் கழற்றும் நாளிலிருந்து புதிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகி சோதனை முடியும் நாள் வரை நடுவில் நிறுத்தமே கிடையாது. அந்தப் பகுதிக்கான முழுத் தொகையும், கையிருப்புப் பங்கும் சேர்த்து, முதல் போல்ட்டைக் கழற்றும் முன் தனிக் கணக்கில் ரொக்கமாக இருக்க வேண்டும். உங்கள் அவசரகாலச் சேமிப்பு அதில் சேராது. இப்போதிருக்கும் இரண்டு மாதச் சம்பளம் அவசரத்துக்கே போதாது, குறைந்தது மூன்று மாதச் செலவாவது அங்கே இருக்கட்டும்.

மாதம் சம்பளத்தில் 15 சதவீதம் ஒதுக்கினால் 5 மாதச் சம்பளம் சேர 34 மாதம் ஆகும். நீளம்தான். ஆனால் பிரேக், டயர் செலவெல்லாம் அந்த ஐந்துக்குள்தான் வருகிறது, அதை முன்னாலேயே முடித்துவிட்டால் தனிக் கணக்கில் சேர வேண்டியது குறையும். போனஸ் வந்தால் இன்னும் குறையும்.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, எனக்கு இதுதான் பெரிய கவலை. எஞ்சின் மாற்றத்தை மறைத்தால் பாலிசியின் அடிப்படையே ஆடிப்போகும். உங்கள் வண்டிக்கு வந்த சேதத்தைத் தர மாட்டோம் என்று சொன்னால் இழப்பு வண்டியோடு போகும், அதைத் தாங்கிவிடலாம். ஆனால் விபத்தில் இன்னொருவருக்குக் காயம் பட்டு, அவருக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டை உங்களிடமிருந்து வசூலிக்கிறோம் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் வந்தால் அதற்கு மேல்வரம்பே கிடையாது, பல வருடச் சம்பளம் போய்விடும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் மாற்றத்துக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும், சில இடங்களில் பொறியாளர் சான்றிதழ், சில இடங்களில் அனுமதியே கிடைக்காது. அனுமதி கிடைக்காத இடம் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது, மேலே உள்ள கணக்கு எதுவும் தேவையில்லை. கிடைக்கும் இடம் என்றால், பதிவு அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஹாஃப் கட் வாங்கும் முன் எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். எஞ்சின் எண்ணோடு பில்லும், இறக்குமதிச் சரக்கு என்றால் அதன் ஆவணமும் தராத விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம், அதில்லாமல் பதிவு மாற்றம் நடக்காது.

இன்னொரு வழியையும் விசாரித்துப் பாருங்கள். உங்கள் வண்டி 3, செலவு 5, ஆக 8 மாதச் சம்பளத்துக்கு ஓர் அசல் கிளான்ஸாவோ அதைவிடப் புதிதாகத் தொழிற்சாலை டர்போவோடு வந்த வேறு சிறிய ஹேட்ச்பேக்கோ கிடைக்குமா? கிடைத்தால் அதுவே மேல். பதிவுப் புத்தகமும் எஞ்சினும் பொருந்தும், கியர்பாக்ஸும் பிரேக்கும் அந்த எஞ்சினுக்கே செய்தவை, விற்கும்போது அசல் என்பதற்கே தனி மரியாதை. பழைய ஜப்பானிய டர்போ வண்டிகளுக்கு இப்போது ரசிகர்கள் கூடிவிட்டதால் கிளான்ஸா உங்கள் எட்டைத் தாண்டக்கூடும், அப்படியானால் எஞ்சினை மாற்றிப் போடும் இந்த ஸ்வாப்தான் வழி. இருக்கும் எஞ்சினிலேயே டர்போ கிட் மாட்டலாமா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்பது) டர்போ எஞ்சினைவிட அதிகம், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கொஞ்சம் ஏறினாலே நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வரும், மலிவாகத் தொடங்கி பிஸ்டன் வரை போகும்.

மூன்று வருடம் கழித்து காசு சேர்ந்து வேலையைத் தொடங்கினால், கராஜுக்கு மொத்தத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். எஞ்சின் இறங்கியதும் ஒரு பங்கு, ஏறியதும் ஒரு பங்கு, ஓட்டிப் பார்த்து ஆயில் கசிவு, சூடு எல்லாம் சரி என்றதும் கடைசிப் பங்கு. பாகங்களின் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். பழைய எஞ்சினை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள், வண்டியை ஒரு நாள் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டி வந்தால் அது மட்டும்தான் கைகொடுக்கும்.

ஹாஃப் கட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள், முழுதும் வராது, வருவதை வாங்கிக்கொண்டு வாருங்கள். "இன்னொரு பார்ட்டி கேட்கிறார்" என்று அவர் சொல்வார், சொல்லட்டும், அந்தப் பார்ட்டிக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.