18 அடி ஃபைபர் போட்டுக்கு இரண்டாம் கை 25 குதிரைவலு எஞ்சின் பொருந்துமா?

பழைய 15 போய்விட்டது, மலிவாக ஒரு 25 வருகிறது, வலு கூடினால் நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கரை என்று எழுதவில்லை. யாழ்ப்பாணப் பக்கம், மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினோடு தொழில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

குதிரைவலுவைப் பிறகு பாருங்கள். முதலில் அளவு நாடாவோடு போட்டின் பின்பலகைக்குப் போங்கள். எஞ்சின் கொளுவும் மேல் விளிம்பிலிருந்து நடுவாக அடிவரை எத்தனை அங்குலம்? 15 அளவில் என்றால் குட்டைக் கால் எஞ்சின், 20 அளவில் என்றால் நெட்டைக் கால். கால் என்பது எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பகுதி. காற்றாடிக்கு (தண்ணீருக்குள் சுழன்று போட்டைத் தள்ளும் விசிறிக்கு) மேலே இருக்கும் தட்டைத் தகடு போட்டின் அடியோடு மட்டமாக, அல்லது ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். மேலே நின்றால் காற்றாடி காற்றை இழுக்கும். எஞ்சின் கத்தும், போட் நகராது. அதிகம் கீழே போனால் ஓட்டம் குறையும், ஆழமில்லாத கடல்நீரேரியில் தரை தட்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஐயாவுக்கு எஞ்சின் மாற்ற வேண்டி வந்தபோது தெரிந்தவர் ஒருவர் 40 குதிரைவலு எஞ்சின் ஒன்றைக் காட்டினார். புதுப் பெயின்ற், ஒரே இழுவையில் ஸ்ராட் ஆனது. ஐயாவுக்குப் பிடித்துவிட்டது. சித்தப்பா காசைக் கையில் எடுத்துவிட்டார். நான் நாடாவோடு போயிருந்தேன். எஞ்சின் கால் 20 அங்குலம், எங்கள் பின்பலகை 15. சொன்னேன். "பிள்ளை, ஒரு பலகை வைச்சு உயர்த்தினால் சரி வரும். பொம்பிளைப் பிள்ளையளுக்கு உது விளங்காது" என்றார் விற்க வந்தவர். சித்தப்பாவும் தலையாட்டினார்.

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. ஆனாலும் விடவில்லை. அஞ்சு அங்குலம் உயர்த்தினால் முடுக்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் பின்பலகையை நெம்பும். ஃபைபருக்குள் இருக்கும் மரம் ஊறிக் கிடந்தால் அது தாங்காது. எங்கள் பழைய 15 குதிரைவலு எஞ்சின் நாற்பது கிலோவை ஒட்டியது, இது எழுபதைத் தாண்டும். அவ்வளவு பாரம் பின்னால் ஏறினால் அணியம், அதாவது போட்டின் முன்பக்கம், தூக்கும், வேகம் குறைக்கும்போது பின்னாலிருந்து அலை ஏறும். இதையெல்லாம் அங்கேயே நின்று சொன்னேன். ஐயா நாடாவை வாங்கித் தானும் அளந்தார். பிறகு "இது வேண்டாம்" என்றார். என் சொல்லைக் கேட்டு அவர் ஒரு வியாபாரத்தை விட்டது அதுதான் முதல் தடவை. பிறகு குட்டைக் கால் 25 ஒன்று கிடைத்தது. அதுதான் இன்றும் ஓடுகிறது.

கடலுக்குப் போகாதவள் எஞ்சின் பற்றி எழுதுகிறாள் என்று இங்கே யாராவது பின்னூட்டம் போடலாம். எங்கள் போட்டின் கணக்கு முழுக்க என் கையில். காபரேற்றரைக் கழற்றித் துடைப்பதும், உப்புப் போக நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினை ஓட்டுவதும் நான்தான். பலகை வைத்து உயர்த்தியே காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கும்போதே அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்?

இன்னொன்று: அது மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சினா என்று பாருங்கள். அதன் சிலிண்டருக்குள் அமுக்கம் குறைவு. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் திரும்பப் பெற்றோலுக்கு வர வேண்டும். பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெயை ஊற்றினால் தட்டும், பிஸ்டன் கெடும்.

மண்ணெண்ணெய் என்றதும் வயிறு எரிகிறது. 2022 ஆகஸ்டில் ஒரே அறிவிப்பில் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. அதற்கு முன் பல வாரம் வரிசையில் நின்றும் வெறும் கானோடு வந்தோம். மீன் விலையை நாங்கள் அப்படி நாலு மடங்கு ஆக்கியிருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்? கரையில் கேட்க ஒருவரும் வரவில்லை. 25 எடுத்தால் 15ஐ விடக் கூடக் குடிக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

போட் கட்டினவரிடம் பின்பலகை எத்தனை குதிரைவலு தாங்கும் என்று கேளுங்கள். 25 தாங்கும் என்று அவர் சொல்லி, கால் அளவும் ஒத்து வந்தால் தாராளமாக எடுக்கலாம். யமஹா என்றால் மாடல் எண்ணின் கடைசி எழுத்து பெரும்பாலும் கால் அளவைச் சொல்லும். எஸ் குட்டை, எல் நெட்டை. இரண்டாம் கையில் காலை மாற்றிப் பூட்டியிருப்பார்கள், அதனால் எழுத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். பின்பலகை, எஞ்சின் கால் இரண்டின் அளவையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.