கப்பல் நின்ற ஊர் எது?

கே: சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் போனோம். அட்டவணையில் 'கோலாலம்பூர்' என்று போட்டிருந்தது. இறங்கினால் நாலாபுறமும் கண்டெய்னர் பெட்டிகள். இரட்டைக் கோபுரத்தை டாக்சிக்குள் இருந்தே பார்த்துவிட்டு ஓட்டமாகத் திரும்பினோம். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? - வாசகி, திருச்சி

ப: கேட்கலாம், கிடைக்காது. துறைமுகத்தையே தவிர்த்துவிட்டுப் போகும் உரிமைகூடக் கப்பல்காரருக்கு உண்டு என்று டிக்கெட்டின் பொடி எழுத்தில் இருக்கும். உங்களையாவது இறக்கிவிட்டார்கள்!

நீங்கள் இறங்கியது கிள்ளான் துறைமுகம். கோலாலம்பூருக்குக் கடல் ஏது? சாலையில் ஒரு மணி நேரம். நெரிசலென்றால் இன்னும் கூட. கப்பல் உலகில் இது பழைய வித்தை. 'பாரிஸ்' என்று லே ஆவ்ர் துறைமுகத்தில் இறக்குவார்கள், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி. 'பாங்காக்' என்றால் லேம் சபாங், அதுவும் நூறுக்கு மேல்.

அடுத்த முறை தலைநகரை விட்டுவிடுங்கள். கிள்ளான் நகருக்குள்ளேயே தெங்கு கிளானா சாலையில் லிட்டில் இந்தியா இருக்கிறது. பூமாலைக் கடை, புடவைக் கடை, வாழையிலைச் சாப்பாடு, அப்புறம் கடைக்காரரின் மலேசியத் தமிழ். அதைக் கேட்கவே நான் போவேன். அதே ஊரில் சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் உண்டு.

பத்துமலையின் 272 படியும் ஏறியே தீர வேண்டுமென்றால் கப்பல்காரரே நடத்தும் சுற்றுலாவில் போங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். உங்கள் டாக்சிக்காகக் காத்திருக்காது.